ரெண்டு லைனுக்கும் ஒரே 'இல்ல'

பாதுகாப்பைப் பற்றிப் புதுசா வந்த பிள்ளைகளிடம் கொஞ்சம் பேசுங்க என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். விதிகளை நீங்கள் படித்துத் தேறித்தான் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். அவற்றை நான் மறுபடி ஒப்பிக்கப்போவதில்லை. சப்-ஸ்டேஷனில் ஆபரேட்டராகச் சேர்ந்து ஆபரேட்டராகவே ஓய்வு பெற்றவள் நான். பேனல் முன்னால் உட்கார்ந்து போன் எடுத்ததுதான் என் வேலை. அந்தப் போனில் நான் அதிகம் கேட்டதும் அதிகம் சொன்னதும் ஒரே சொல்: 'இல்ல'. சப்ளை இல்ல. ஆள் இல்ல. இப்ப முடியாது, லைன் கிளியர் இல்ல.

அந்தச் சொல்லால் ஒருவர் சாக இருந்தார். சொன்னவன் பொய் சொல்லவில்லை. கேட்டவருக்குக் காது மந்தமில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் சப்-ஸ்டேஷன் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருந்தது. யார்டிலிருந்து மலைக்கு இரண்டு லைன் ஏறும். ஒன்று ஓடையை ஒட்டிப் போகும். அது ஆத்து லைன். மற்றது மேட்டைச் சுற்றிக்கொண்டு போகும். அது மேட்டு லைன். இரண்டும் மேலே நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஓரிடத்தில் நெருங்கி வரும். அங்கே நடுவில் ஒரு சுவிட்ச். சாதாரண நாளில் அதைப் போடாமல்தான் வைத்திருப்போம். ஆத்து லைன் தன் ஊர்களுக்குக் கரண்ட் கொடுக்கும், மேட்டு லைன் தன் ஊர்களுக்கு. ஒன்று படுத்துவிட்டால் மட்டும் அந்த சுவிட்சைப் போட்டு, மற்ற லைனிலிருந்து இந்தப் பக்கத்து ஊர்களுக்கும் கரண்டைத் தள்ளுவோம்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு பேய்க்காற்று அடித்தது. விடிந்து பார்த்தால் மலை ரோடு முழுக்க மரம். ஆத்து லைனில் எங்கெங்கோ கிளை விழுந்து லைன் நின்றுவிட்டது. மேலே இருந்த ஆட்கள் அந்த நடு சுவிட்சைப் போட்டு, மேட்டு லைனிலிருந்து முடிந்த ஊர்களுக்கெல்லாம் கரண்ட் கொடுத்துவிட்டார்கள். நல்ல வேலைதான். அதைச் செய்யச் சொன்னதே எங்கள் உதவிப் பொறியாளர், ஏ.இ. தான்.

மரம் வெட்டும் ஆட்களோடு மலை ரோட்டுக்குக் கிளம்பும்போது ஏ.இ. என்னிடம் வந்தார்.

"மேரிம்மா, மலை மேல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இப்ப மேட்டு லைன் ஒண்ணுதான். எடை கம்மியா பொறந்த குழந்தை ஒண்ணு சூட்டுப் பெட்டியில இருக்கு. ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துபோச்சாம். ரோட்டைத் திறந்தாதான் டீசல் போகும். அதுவரைக்கும் என்னைக் கேக்காம மேட்டு லைன்ல கை வைக்காதீங்க."

"சரிங்க சார்," என்றேன்.

காற்றுக்குப் பிறகு என்பதால் அன்று இரண்டு பேர் டியூட்டி. என்னோடு இருந்தவன் தினகரன். டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஆலங்காயத்துப் பையன். கூர்மையானவன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவான், வளவளவென்று பேசமாட்டான். ஆபரேட்டருக்கு இது நல்ல குணம் என்று நானே அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

யார்டில் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நான் உள்ளே வந்தபோது அவன் போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தான்.

"யாருப்பா?"

"வேடியப்பன் அண்ணன்க்கா. ஆத்து லைன்ல ஜம்பர் அறுந்த கம்பத்துக்கிட்ட இருந்து பேசுனாரு."

வேடியப்பன் எங்கள் லைன்மேன்களில் மூத்தவர். மலைக்காரர். காட்டுக்குள் எந்தக் கம்பம் எந்தப் பாறைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

"இன்னா கேட்டாரு?"

"ஆத்து லைன், மேட்டு லைன், ரெண்டுலயும் சப்ளை கீதான்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"இல்லண்ணான்னேன். சரி தம்பின்னு வெச்சுட்டாரு."

நான் பேனலைப் பார்த்தேன். ஆத்து லைனுக்குப் பச்சை விளக்கு. நிறுத்தியாகிவிட்டது. மேட்டு லைனுக்குச் சிவப்பு. மீட்டர் முள் ஆடாமல் நின்றது. லைன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"மேட்டு லைன் ஓடிட்டுக் கீதே, தினகரா."

"ஆமாக்கா. ஒண்ணுலதானே கீது? ரெண்டுலயும் இல்லையே."

அவன் முகத்தையே பார்த்தேன். அவன் சொன்னதில் அட்சரம் பிசகில்லை. 'ரெண்டுலயும் இருக்கா' என்று கேட்டார், ரெண்டுலயும் இல்லை, ஒன்றில்தான் இருக்கிறது, ஆகவே 'இல்ல'. பரீட்சைத் தாளில் எழுதினால் முழு மார்க். ஆனால் மழையில் நனைந்துகொண்டு, கம்பத்தடியில் இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டே போன் பேசும் மனிதருக்கு அந்த 'இல்ல' எப்படிக் கேட்டிருக்கும்? 'ரெண்டுலயும் சப்ளை இல்ல' என்றுதான். ஆத்து லைனிலும் இல்லை, மேட்டு லைனிலும் இல்லை, தாராளமாக ஏறலாம் என்று.

"அவரு எந்தக் கம்பம்னு சொன்னாரு?"

சொன்னான். அந்தக் கம்பத்துக்கு ஒரு பக்கம் கீழேயிருந்து வரும் கம்பி, மறு பக்கம் நடு சுவிட்சுக்குப் போகும் கம்பி. இரண்டையும் சேர்க்கும் துண்டுக் கம்பியான ஜம்பர்தான் அறுந்திருந்தது. கீழ்ப்பக்கம் செத்த கம்பி. மறுபக்கத்துக் கம்பியில் மேட்டு லைன் கரண்ட் நடு சுவிட்ச் வழியாகச் சுற்றி வந்து நின்றுகொண்டிருந்தது. இரண்டும் ஒரே கம்பத்தில், ஒரு கைக்கெட்டும் தூரத்தில். அறுந்த ஜம்பரைச் சேர்க்க வேண்டுமென்றால் இரண்டையும் தொட்டே ஆகவேண்டும்.

வேடியப்பன் அசட்டுத் தைரியக்காரர் அல்ல. தவறி வரும் கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடும் எர்த் ராட் அவரிடம் ஒன்றுதான் இருந்தது, அதைக் கீழ்ப்பக்கத்துக் கம்பியில் மாட்டியிருந்தார். மறுபக்கத்துக்கு இன்னொன்று கையில் இல்லை. மற்ற உடைசல்களுக்குப் போன ஆட்களோடு போய்விட்டது. அதனால்தான் ஏறுவதற்கு முன்னால் போன் போட்டுக் கேட்டார். ஜாக்கிரதையான ஆள் செய்கிற காரியத்தைத்தான் அவர் செய்தார். அந்த ஜாக்கிரதையே அவரை மேலே ஏற்றிவிட்டது.

அவர் நம்பருக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சாவகாசமாகச் சொன்னது. தினகரன் தன் போனில் போட்டான். அதே குரல். மலையில் டவர் வரும், போகும்.

"அக்கா, ஏ.இ. சாரைக் கேட்டுட்டு நிறுத்திடலாம்க்கா," என்றான். இப்போது அவனுக்கும் புரிந்துவிட்டது.

"கேட்டு முடிக்கிறதுக்குள்ள அவரு தொட்டுட்டா?"

"ஆஸ்பத்திரி…"

ஆமாம், ஆஸ்பத்திரி. அங்கே ஒரு குழந்தை. இந்தப் பக்கம் ஒரு மனுஷன். யோசிக்க எனக்குக் கிடைத்தது பேனல் வரைக்கும் நடக்கிற நேரம்தான். குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ் இருக்கிறாள், தாய் இருக்கிறாள், துணி இருக்கிறது. பெட்டி அணைந்தால் அடுத்து என்ன செய்வதென்று அங்கே யோசிக்க ஆள் உண்டு. கம்பி மேல் கை பட்டுவிட்டால் அடுத்து என்ன என்று யோசிக்க அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது. நான் நினைத்தது தப்பாகவே இருந்து, வேடியப்பன் கீழே நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தாலும், அந்தத் தப்பைத் திருத்திக்கொள்ளலாம். மற்றத் தப்பைத் திருத்த முடியாது.

மேட்டு லைனை ட்ரிப் பண்ணினேன். பிரேக்கர் டமாரென்று விழுந்தது. சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

"ட்ராலியை வெளிய இழு. போர்டு மாட்டு," என்றேன். பிரேக்கர் உட்கார்ந்திருக்கும் அந்த ட்ராலி வெளியே இருந்தால் யாரும் தவறிப்போயும் லைனைப் போட முடியாது. தினகரன் இழுத்தான். 'ஆள் வேலை செய்கிறார்' போர்டை மாட்டினான்.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன். எடுத்த நர்ஸ் என்னைப் பேசவே விடவில்லை. "மேடம், கரண்ட் போச்சு, குழந்தை பெட்டியில…"

"நான்தாம்மா நிறுத்தினேன். கம்பத்து மேல ஆள் இருக்காரு. எவ்ளோ நேரம் தாங்கும்?"

அவள் குரல் மாறியது. "அம்மா நெஞ்சோட சேத்துக் கட்டி வெக்கிறேன். கொஞ்ச நேரம் சமாளிப்பேன். ரொம்ப நேரம் ஆக்கிடாதீங்க மேடம்."

அடுத்து ஏ.இ. "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?" என்று கத்தினார். பின்னால் மரம் அறுக்கும் மிஷின் சத்தம். விஷயத்தைச் சொன்னேன்.

"குழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார். வேடியப்பன் வூட்டுக்குப் போய் யாரு பதில் சொல்றது, அதைச் சொல்லுங்க."

"ஆளு இன்னா ஆனாருன்னு மொதல்ல பாருங்க," என்று வைத்துவிட்டார்.

எப்படிப் பார்ப்பது? போன் கிடைக்கவில்லை. அப்போதுதான் தினகரன், "அக்கா, அஞ்சலை!" என்றான். அந்தக் கம்பத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி அவள். கரண்ட் போனால் முதல் போன் அவளிடமிருந்துதான் வரும். எப்ப வரும், ஏன் போச்சு, எங்க ஊருக்கு மட்டும் ஏன் இப்படி என்று எங்களை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை. அதன் மேல் ஏறினால் டவர் கிடைக்கும். எங்களைக் கூப்பிடத்தான் ஏறியிருந்தாள்போல, முதல் மணியிலேயே எடுத்தாள்.

"இன்னா மேடம், வந்த கரண்டையும் புடுங்கிக்கினீங்களே?"

"அஞ்சல, சண்டை அப்புறம் போடலாம். வேடியப்பன் அங்க கம்பத்து மேல கீறாரா பாரு. எதையும் தொட வேணாம், உடனே எறங்கணும்னு நான் சொன்னேன்னு சொல்லு. கூட யாரு?"

"சம்பத்து கீறாரு. இருங்க, ஓடிப் போய் சொல்றேன்."

சம்பத் இன்னொரு லைன்மேன். எனக்கு அந்த நிமிஷம் வரை வேடியப்பன் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. லைன் நின்றதற்கு முன்னால் அவர் தொட்டிருந்தால் பேனலில் எனக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். தெரியாமலும் போயிருக்கலாம் என்று இன்னொரு மனசு சொன்னது. தினகரன் பேனலுக்கும் கதவுக்கும் இடையே நடந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து போன். "இன்னும் எவ்ளோ நேரம் மேடம்?" கொஞ்சம் பொறுங்கம்மா என்று சொல்லி வைத்தேன். மறுபடி போன். அஞ்சலை. மூச்சு வாங்கியது.

"சொல்லிட்டேன் மேடம். வேடியப்பன் அண்ணன் நல்லாக் கீறாரு."

தினகரன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"எறங்கிட்டாங்களா? ரெண்டு பேரும் மேல இல்லையே?"

கவனித்தீர்களா? இப்போது கேட்டது நான். அத்தனை நடந்த பிறகும் அவசரத்தில் வாய் அப்படித்தான் கேட்டது.

"ரெண்டு பேரும் மேல இல்ல மேடம்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. தினகரன் எழுந்து ட்ராலியை உள்ளே தள்ளப் போனான். ஆஸ்பத்திரி போன் வேறு அடித்துக்கொண்டிருந்தது.

"நில்லுடா," என்றேன். அவனை நான் 'டா' போட்டது அன்று ஒரு தடவைதான். "அஞ்சல, வேடியப்பன் எங்க நிக்கிறாரு?"

"இங்க, கீழ, எம் பக்கத்துல."

"சம்பத்து?"

"அவுரு அந்தாண்ட கம்பத்துல மேல கீறாரு. கரண்டுதான் நின்னுடுச்சே, கம்பியில மாட்டின கெளையை எடுத்துடலாம்னு ஏறிட்டாரு. அதான் சொன்னேனே, ரெண்டு பேரும் மேல இல்ல, ஒருத்தருதான்னு."

அவள் பேரிலும் குற்றமில்லை. தினகரன் சொன்னதைப் போலவே அவள் சொன்னதும் உண்மை. ட்ராலி உள்ளே போய் பிரேக்கரைப் போட்டிருந்தால், வேடியப்பன் கண் முன்னாலேயே சம்பத் போயிருப்பார்.

"சம்பத்தை எறங்கச் சொல்லு. கீழ வந்து அவரே போன்ல பேசணும். அவர் குரலைக் கேக்காம நான் லைனைப் போடமாட்டேன்."

ஆஸ்பத்திரி போனை தினகரன் எடுத்து, "ஒரு நிமிஷம்க்கா, ஒரே ஒரு நிமிஷம்க்கா," என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் லேசாகக் கேட்டது. அழுகிறதே என்று எனக்கு ஒரு பக்கம் தைரியம்.

சம்பத் வந்து பேசினார். "எறங்கிட்டேன் மேடம்." பிறகு வேடியப்பன். "மேரிம்மா, நான் கீழ நிக்கிறேன். சம்பத்து என் பக்கத்துல நிக்கிறான். வேற ஆளு இங்க கெடையாது. நீங்க போடலாம்."

லைனைப் போட்டோம். சிவப்பு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் நர்ஸே கூப்பிட்டாள். குழந்தையைப் பெட்டியில் வைத்துவிட்டதாகவும், பால் குடித்ததாகவும் சொன்னாள்.

வேடியப்பன் பிறகு என்னிடம் சொன்னது இது. அவர் ஏறி, பெல்ட்டை மாட்டி, அறுந்த ஜம்பரைப் பிடிக்கக் கையை நீட்டியிருக்கிறார். எதிர்ச் சரிவில் ஒரு மாவு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்ததாம். டீசல் என்ஜினாக இருக்கும் என்று விட்டுவிட்டார். கையை நீட்டிய அந்த நேரம் மிஷின் இழுத்து இழுத்து நின்றது. அதே மூச்சில் அஞ்சலை, "அய்யோ, கரண்டு போச்சே!" என்று கத்தியிருக்கிறாள். போச்சு என்றால் அதுவரைக்கும் இருந்திருக்கிறது. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். "கை எனுது மாரியே இல்ல மேரிம்மா, மரத்துப்போச்சு," என்றார்.

உங்களில் பல பேர் டிப்ளமா, பி.இ. நேண்ட் கேட், நார் கேட் அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். தினகரனும் சொல்வான். நேண்ட் என்றால் 'ரெண்டும் இருக்கு' என்பதற்கு மறுப்பு. இரண்டில் ஏதாவது ஒன்று இல்லாவிட்டாலே போதும், அது உண்மையாகிவிடும். ஒன்று மட்டும் செத்திருக்கலாம், இரண்டும் செத்திருக்கலாம். அந்த 'இல்ல'வில் இருந்து எது என்று கண்டுபிடிக்க முடியாது. நார் என்றால் 'ஏதாவது ஒண்ணு இருக்கு' என்பதற்கு மறுப்பு. அதுதான் இரண்டும் செத்தது. கம்பம் ஏறுகிறவருக்கு வேண்டியது இந்த இரண்டாவது. வேடியப்பன் 'ஏதாவது ஒண்ணுலயாவது சப்ளை கீதா' என்று கேட்டிருந்தால், தினகரன் 'கீதுண்ணா, மேட்டு லைன்ல' என்று சொல்லியிருப்பான். கதை அங்கேயே முடிந்திருக்கும். போர்டில் பார்க்கும்போது இதெல்லாம் சின்னப்பிள்ளைக் கணக்கு. நம் பேச்சில் 'ரெண்டும் இல்ல' என்ற ஒரே வாக்கியம் இரண்டு அர்த்தத்துக்கும் ஓடி ஓடி உழைக்கிறது. சொல்கிறவர் ஒன்றை வைத்துச் சொல்வார், கேட்கிறவர் மற்றதை எடுத்துக்கொள்வார். இருவருக்கும் சந்தேகமே வராது. சந்தேகம் வராததுதான் பயங்கரம்.

அதனால் சேர்த்துக் கேட்காதீர்கள். சேர்த்துக் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். கேள்வியைப் பிரித்து வாங்குங்கள். 'எல்லாரும் வரல' என்று யாராவது சொன்னால், யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பேர் பேராகக் கேளுங்கள். மேலதிகாரி கேட்டாலும் சரி, பின்னால் ஆஸ்பத்திரி போன் அடித்துக்கொண்டிருந்தாலும் சரி. அவசரம் இருக்கும்போதுதான் நாம் சேர்த்துக் கேட்போம் என்பதை நான் என் வாயாலேயே கண்டவள்.

அன்று மத்தியானம் ரோடு திறந்துவிட்டது. டீசல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் நர்ஸே போன் செய்து சொன்னாள். ஜம்பரைச் சேர்க்க முறைப்படி இரண்டு லைனுக்கும் கிளியர் கொடுத்து நிறுத்தினோம். வேடியப்பனுக்குத் தகவல் சொல்லவேண்டும். தினகரன் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீங்களே பேசுங்கக்கா," என்றான்.

"நீதான் பேசணும்," என்றேன்.

போட்டான். இந்தத் தடவை அவர் அஞ்சலை வீட்டுப் பாறை மேலேயே நின்றிருந்தார், உடனே எடுத்தார்.

"அண்ணா, தினகரன். ஆத்து லைன் ஆஃப்."

"ம்."

"ஆத்து லைன் ட்ராலி வெளிய. நானே இழுத்தேன்."

"ம்."

"மேட்டு லைன் ஆஃப். அந்த ட்ராலியும் வெளிய. போர்டு மாட்டிட்டேன். நீங்க திரும்பிச் சொல்லுங்கண்ணா."

வேடியப்பன் ஒவ்வொன்றாகத் திரும்பிச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு வைக்காமல் இருந்தார். இவனும் வைக்கவில்லை. மழைத் தண்ணீர் இலையில் சொட்டுகிற சத்தம் போனில் கேட்டது.

"தம்பி, சாப்டியா?"

"இன்னும் சாப்பிடலண்ணா."

"போய்ச் சாப்டு. நான் ஏறுறேன்."